சென்றவர்களும் திரும்பி வந்தவர்களும்

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் நம்மைப் பணித்தனர். எதனைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியவாறே சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினோம். சங்கத்தின் உதவியால் படித்துப் பட்டம் பெற்றோர் பெயர்கள் அதில் ஆண்டு வரிசையாக எழுதப்பட்டுள்ளன. படிக்கப் படிக்க நெஞ்சம் பெருமிதம் கொண்டது. அதே நேரத்தில் ஓர் ஏக்கமும் எழுந்தது. அப்பெயர்களுக்கு உரியோரில் பலர் இன்று விம்கோ நகரில் இல்லை. வேறு ஊர்களிலும் சிலர் வேறு நாடுகளிலும் நல்ல நிலையில் வாழ்கின்றனர். அவர்கள் சென்றது குற்றமன்று. ஆயினும் சென்றவர் திரும்பி வருவதன் பொருள் என்ன என்னும் வினா நம்மை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடியபோது, நம் நாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்த ஒரு மிஷனரிக் குடும்பத்தின் வரலாறு நினைவிற்கு வந்தது. ஸ்கடர் குடும்பம் என்பது அதன் பெயர்.

நியூயார்க்கிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு

ஜான் ஸ்கடர் அமெரிக்க நாட்டில் 1793இல் பிறந்தவர். நியூயார்க் நகரில் நல்ல வருவாயுடன் மருத்துவத் தொழில் புரிந்து வந்தார். நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ட ஒரு சிறு நூலே, கீழை நாடுகளுக்குச் சென்று சமயப்பணி ஆற்ற வேண்டும் என்னும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியது என்பர். 1819ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மனைவி ஹாரியட்டுடனும் ஒரு பெண் குழந்தையுடனும் கப்பலேறினார். கப்பல் கல்கத்தாவை அடைந்த சில நாள்களில் அக்குழந்தை இறந்தது. புதைத்த மண்ணின் ஈரம் காயுமுன்னர் அவ்விருவரும் இலங்கைக்குப் புறப்பட்டனர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவமும் சமயப்பணியும் செய்தனர்.

1836இல் ஸ்கடர், வின்சுலோ என்பாருடன் சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டையில் அச்சகம் ஒன்றை நிறுவுவதில் ஈடுபட்டார். பிற்காலத்தில் 1862இல் பெரிய தமிழ் அகராதி ஒன்றை வெளியிட்டவர் அந்த வின்சுலோவே. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். நம் கடற்கரை உழைப்பாளர் மசூலாப் படகுகளில் அலையோடு போராடிப் பயணிகளைக் கரை சேர்ப்பர். கரை சேருமுன் கவிழ்ந்த படகுகளும் உண்டு. வெள்ளையர் வரலாற்று நூல்களில் வந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களைக் கரை சேர்த்தவர்களின் பெயர்கள் இல்லை. இதனை நம் இளைஞர் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

உடல்நலம் குன்றியதால் 1842இல் ஸ்கடர் தாயகம் திரும்பினார். அங்கே ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரிடம் இந்நாட்டைப் பற்றிப் பேசினார். உறவும் ஓய்வும் அங்கே இருந்தன. எனினும் நான்கு ஆண்டுகளில் மீண்டும் கப்பலேறித் தமிழகம் வந்தார். ஹாரியட் அம்மையார் 1849இல் சென்னையில் மறைந்தார். ஸ்கடர் 1855இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் காலமானார்.

இராயபுரம் முதல் இராணிப்பேட்டை வரை

அக்குடும்பத்துப் பிள்ளைகள் இளமையிலேயே கல்விக்காக அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டனர். பெற்றோரின் முகம் காணாமல் உறவினர் வீடுகளில் வளர்ந்தனர். அவ்வாறு வளர்ந்தோர் இந்நாட்டை மறந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் ஆண்மக்களுள் எழுவர் மிஷனரிகளாகத் திரும்பி வந்தனர். அவர்களுள் மூவர் கூடி 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். சைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார்.

இவ்விடத்தில் நம் பகுதிக்கும் அவ்வரலாற்றிற்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்டது. அது புறப்பட்ட இடம் நம் இராயபுரம். சென்று சேர்ந்த இடம் இராணிப்பேட்டையை அடுத்த வாலாஜா ரோடு. சென்னைக் கரையில் இறங்கியவர் ஆர்க்காடு சீமைக்குச் செல்லும் வழி, அன்றுமுதல் நம் வாயிலருகிலேயே தொடங்கிற்று.

ஆர்க்காடு மிஷன் ஊர்ப்புறங்களில் பரவியபோது அதனை நாடி வந்தோரில் மிகப்பெரும்பாலோர் நம் மக்களே. சேரிகளில் ஓலைக் கூரையின்கீழ் பள்ளிகள் தோன்றின. ஊர்ப்பள்ளியின் திண்ணையில் ஏறவும் உரிமையற்ற சிறுவர், அங்கேதான் முதன்முதலாக எழுத்தாணியும் சிலேட்டும் தொட்டனர்.

மூன்று கதவுகளும் தட்டப்படாத கதவும்

இக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில், இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் ஐடா ஸ்கடர். சிறு குழந்தையாக இருந்தபோதே 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தைக் கண்ணால் கண்டார். அப்பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்ட பகுதியும் சேர்ந்ததே இன்று நம் குடியிருப்புக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய். பசியால் வாடிய மக்கள் கூலிக்கு மண் சுமந்தனர். நிலமற்ற நம் முன்னோருக்கு அப்பஞ்சம் எத்தகைய கேடு விளைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பதின்பருவத்தில் ஐடாவை அமெரிக்காவில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் இந்தியாவிற்கு வந்துவிட்டனர். அப்பிரிவு அவர் மனத்தை வாட்டியது. மிஷனரி வாழ்வே வேண்டாம் என்று அவர் உறுதி கொண்டார். தாயின் உடல்நலம் குன்றியதால் 1890இல் திண்டிவனத்திற்கு வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்புவதே அவர் எண்ணம்.

ஓரிரவு அவ்வீட்டுக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் மேல்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவோ மருத்துவம் கற்றவர் அல்லர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றபோது, அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்புவது என்று அன்றே ஐடா முடிவு செய்தார்.

இந்நிகழ்ச்சி பல நூல்களில் பாராட்டிச் சொல்லப்படுவது. நம் மாணவர்க்கும் பலமுறை இதனைச் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அன்றிரவு சேரியிலிருந்து ஏன் ஒருவரும் வரவில்லை?” என்று வினவினாள். நம்மிடம் உடனே விடை இல்லை. சேரியில் பேறுகாலத்தில் பெண்கள் இறக்கவில்லையா? இறந்தனர். மேல்சாதியாரின் வீட்டுக் குழந்தைகளையும் கையில் ஏந்திய மருத்துவச்சியர் பலர் நம் குலப் பெண்களே. அவர்கள் பிள்ளை பெறும்போது சாவு நேர்ந்தால் அது விதி எனப்பட்டது. தட்டப்பட்ட மூன்று கதவுகளை வரலாறு எழுதி வைத்தது. தட்டவும் எண்ணாதிருந்தோரை அது எழுதவில்லை. வரலாற்றைக் கற்பவர் அம்மாணவியைப் போல் வினவக் கற்றல் வேண்டும்.

ஐடா 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். நியூயார்க் செல்வர் ஒருவர் அளித்த பத்தாயிரம் டாலர் நன்கொடையைக் கொண்டு வேலூரில் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாதோரை நாடி அவரே குடியாத்தம் சாலையில் சென்றார். 1909இல் பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி ஒன்று அதற்கு உதவிற்று. சாலையோர மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தனர். ஊருக்குள் நம்மவர் நடக்கலாகாத தெருக்கள் இருந்த காலம் அது. மருத்துவர் ஊர்த்தெருவில் அமர்ந்திருந்தால் நம் தாய்மார் அணுகியிருக்க இயலுமா? பெருஞ்சாலையின் மரநிழல் எவர்க்கும் பொதுவாயிற்று.

அதே 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. முதல் அணியில் 14 பெண்கள் தேறினர். மருத்துவப் பள்ளியைப் பட்டக் கல்லூரியாக உயர்த்தாவிடில் மூட நேரிடும் என்ற நிலை பின்னர் வந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று போர்க்காலத்தில் நிதி திரட்டினார். அந்த முதுமையில் அங்கேயே தங்கிவிட்டாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ மீண்டும் திரும்பினார். 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பணிபுரிந்தனர்.

வேலூர் எட்டத்தில் உள்ளதென்று எண்ண வேண்டாம். நம் தாய்மார் ‘ரெய்னி ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் மருத்துவமனையும் அத்தகைய ஒருவரால் உருவானதே. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் 1888இல் சென்னைக்கு வந்து இராயபுரம் பகுதியில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1914இல் அம்மருத்துவமனை புதிய கட்டடம் பெற்றது. முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் காயமுற்றோர்க்குப் பணிபுரியச் சென்றவர், போர் முடிந்தபின் இங்கேயே திரும்பினார்.

நன்றியும் நியாயமும்

நன்றி மறவாமை நம் பண்பு. அதனால் உண்மையை மறைக்கலாகாது. இவர்கள் தம் சமயத்தைப் பரப்பவே வந்தனர். மருத்துவமும் கல்வியும் அதற்குத் துணையாகவே தொடங்கப்பட்டன. சாதி கூடாதென்று மிஷன்கள் விதி வகுத்த பின்னரும், தேவாலயத்தில் தனி இருக்கையும் இறந்த பின் தனிக் கல்லறையும் தமிழகத்தின் பல இடங்களில் தொடர்ந்தன. மதம் மாறியவரைச் சாதி விட்டுவிடவில்லை; 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையோ கிறித்தவராகிய நம் உறவினரைப் பட்டியல் சாதியினர் அல்லர் என விலக்கிற்று. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழும் தம்பிக்கு வேறொரு சான்றிதழும் இருப்பதை நம் தெருக்களிலேயே காண்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. மிஷனரி திரும்பி வந்தபோது அவருக்கு மாளிகை இருந்தது, மரியாதை இருந்தது. நம்மவர் திரும்பியபோது நேர்ந்தது வேறு. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்று 1917இல் பரோடாவிற்குப் பணியேற்கச் சென்றபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் தடிகளோடு வந்தோர் அவரை வெளியேற்றினர். அதன் பின்னும் அவர் 1920இல் இலண்டன் சென்றார். படிப்பை முடித்து 1923இல் நம் மக்களிடமே திரும்பினார். செங்கற்பட்டுச் சீமையில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் பணியாற்றித் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1930இல் இருவரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காக ஒன்றாகப் பேசினர். அவமதிப்பு காத்திருக்கும் இடத்திற்கு அறிந்தே திரும்புவது எத்துணை அரிது!

நாம் செய்த பிழை

பிறர்க்கு உரைக்குமுன் நம் குறையைக் கூறுதல் முறை. நாம் பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியப் பணியில் அமர்ந்ததும், நகரின் வேறொரு பகுதியில் வாடகைக்குக் குடியேறினோம். வீட்டுக்காரர் சொந்த ஊர் எதுவென்று கேட்டபோது ‘திருவொற்றியூர்ப் பக்கம்’ என்று மட்டும் கூறினோம். தெருவின் பெயரைக் கூறவில்லை. கூறினால் சாதி தெரிந்துவிடும் என்னும் அச்சம். எட்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. பண்டிகைக்கு மட்டும் தாயைக் காண வந்து போனோம்.

ஒரு முறை வந்தபோது, பக்கத்து வீட்டுச் சிறுவன் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறித் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்துவிட்டதைத் தாய் சொன்னார். “நீ இங்கே இருந்திருந்தால் அவனுக்கு நாலு கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய் அல்லவா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கல்வியாண்டில் மாறுதல் கேட்டு இப்பகுதிக்கே வந்தோம். அச்சிறுவன் இழந்த ஆண்டுகளை நம்மால் திருப்பித் தர இயலவில்லை. அதன்பின் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் வாரந்தோறும் கணக்குக் கற்பிக்கிறோம். இது தியாகமன்று, காலந்தாழ்ந்து செலுத்தும் கடன்.

இளைஞர்களே! தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற நம் விம்கோ நகருக்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் மெட்ரோ இரயில் வருகிறது. நீங்கள் காலையில் ஏறிப் பட்டணத்தின் எப்பகுதிக்கும் செல்லலாம். செல்லுங்கள். கடல் கடந்தும் செல்லுங்கள். உயர்ந்த படிப்பும் உயர்ந்த பதவியும் பெறுங்கள். எல்லோரும் இங்கேயே குடியிருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உங்கள் கல்வி இங்கே திரும்பி வரவேண்டும் என்றே கேட்கிறோம். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒரு மாணவனுக்கு ஒரு பாடம் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பம் நிரப்பத் தெரியாத ஒரு தாய்க்கு உதவுங்கள். வர இயலாத தொலைவில் இருப்போர், ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கிருந்தாலும் ஊரைக் கேட்டால் விம்கோ நகர் என்று தலைநிமிர்ந்து கூறுங்கள்.

எங்கிருந்தோ வந்தவர்கள் நமக்காகத் திரும்பி வந்தனர். நம் பிள்ளைகள் நமக்காகத் திரும்புவது அதனினும் இயல்பானது. பொன்விழா மலரை எழுதுவோர், இதே பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘திரும்பி வந்து கற்பித்தார்’ என்று எழுதும் நிலை உண்டாகுக!