மழிகத்தியும் தீட்டுக்கல்லும்: கையறிவு நூலறிவாகிய வரலாறு

முன்னுரை

உலோகக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் உலோகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவிக்குக் கூர்மை அளிக்கும் கல்லும் அதனைக் கையாளும் பயிற்சியும் அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. இக்குறையை உணர்த்தத் தக்க சான்று மழிகத்தி ஆகும். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில், நாவிதர் கையிலிருந்த மழிகத்தி தாமே முகம் மழித்துக்கொள்வோர் கைக்கும் செல்லத் தொடங்கியது. கத்தியை விலைக்கு வாங்கலாம்; அதனைத் தீட்டும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது. அவ்வறிவை எழுத்தில் தர மேற்கொள்ளப்பட்ட முயற்சியையும், பின்னர் அவ்வறிவே வேண்டாததாக ஆக்கப்பட்ட நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தீட்டுதலின் இயல்பு

மழிகத்தியின் அமைப்பே அதனைத் தீட்டும் முறையை வரையறுக்கிறது. சமையற் கத்தியைத் தீட்டுவோர் அதன் முதுகைக் கல்லிலிருந்து சற்று உயர்த்திப் பிடித்துக் கோணத்தைக் கையால் காக்கின்றனர். மழிகத்தியோ முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு கிடத்தப்பெறுகிறது. எனவே முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே கோணத்தை நிலைப்படுத்துகின்றன. தீட்டத் தீட்ட முதுகும் உடன் தேய்வதால் அக்கோணம் பெரிதும் மாறுவதில்லை. கல்லின்மேல் வாய் முன்செல்ல, முதுகு பின்தொடரக் கத்தியைச் செலுத்துவர். பின் முதுகின்மேல் புரட்டி மறுபக்கத்தைத் தீட்டுவர். இறுதியில் தோல்வாரில் தேய்க்கும்போது திசை மாறும். அங்கு முதுகே முன்செல்ல வேண்டும். வாய் முன்சென்றால் தோல் அறுபடும், கூரும் கெடும்.

எளிதாகத் தோன்றும் இம்முறையில் அழுத்தமே அரிய கூறு. அழுத்தம் மிகின் மெல்லிய அலகு வளைந்து கொடுக்கும். அளவு கடந்து தீட்டினால் வாயில் இழைபோன்ற பிசிர் தோன்றி, மழிக்கும்போது முறிந்து தோலை வருத்தும். கல்லின் முகம் குழிந்திருப்பின் வாய் முழுமையும் அதில் சீராகப் படியாது. எப்போது நிறுத்துவது என்பதை விரல்நுனியின் உணர்வும், கல்லில் எழும் ஓசையும், நனைந்த நகத்தின்மேல் வாயை மெல்ல இழுக்கையில் தென்படும் சிறு தடையும் அறிவிக்கின்றன.

கல்லைத் தேர்தலும் இவ்வறிவின் ஒரு பகுதியே. பெல்சிய நாட்டின் ஆர்டென் பகுதியில், வீல்சாம் என்னும் ஊரைச் சூழ்ந்த இடங்களில் கிடைக்கும் மஞ்சள்நிறக் 'கோத்திக்யூல்' கல் மழிகத்திக்கு மிக உகந்ததாகப் போற்றப்பட்டது. மாங்கனீசு கலந்த நுண்ணிய கார்னெட் மணிகள் அதில் செறிந்துள்ளமையே அதன் தீட்டும் ஆற்றலுக்குக் காரணம். மெல்லிய அடுக்குகளாகவே கிடைப்பதால் வேறொரு கல்லின்மேல் பொருத்தப்பட்டு அது விற்பனைக்கு வந்தது. செருமனியின் தூரிங்கியப் பகுதிக் கற்களும் இவ்வாறே புகழ் பெற்றிருந்தன.

பெரேயின் நூல்

பாரிசு நகரக் கத்தி வினைஞர் ழான் ழாக் பெரே 1769இல் 'லா போகோனோதொமி' என்னும் நூலை வெளியிட்டார். தாடி, வெட்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அமைந்தது இத்தலைப்பு. தமக்குத்தாமே மழித்துக்கொள்ளக் கற்கும் கலை என்று நூலின் பொருளை உரைக்கும் நீண்ட தலைப்புப் பகுதியிலேயே, கருவிகளைத் தீட்டுதற்குரிய கற்களை இனங்காணும் முறையும், தோல்வாரைப் பதப்படுத்தும் வழியும் சுட்டப்பட்டுள்ளன. மழித்தலைக் கற்பது தீட்டுதலைக் கற்பதையும் உள்ளடக்கும் என்று பெரே கருதியமை இதனால் புலனாகிறது.

தொழிற்குழுக்களுக்குள் வழங்கிய நுட்பங்களை அச்சில் ஏற்றும் முயற்சி பிரான்சில் ஓங்கியிருந்த காலம் அது. பெரேயின் மற்றொரு நூலாகிய 'கத்தி வினைஞர் கலை', அந்நாட்டு அறிவியற் கழகத்தின் கைத்தொழில் நூல்வரிசையில் 1771 முதல் வெளிவந்தது. எனினும் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. திசையையும் கல்லின் வகையையும் எழுத்து சொல்லிவிடும். அழுத்தத்தின் அளவைக் கையே கைக்குக் கற்பிக்க வேண்டும். தச்சரின் இழைப்புளியைப் போன்ற மரக்காப்புப் பொருத்திய மழிகத்தி ஒன்றையும் பெரே வடிவமைத்தார். நூல் எழுதியவரே, பயிற்சி இல்லாதோர்க்காகக் கருவியையும் மாற்ற முற்பட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

உருக்கின் புகழ்

தென்னிந்திய மூசை உருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரால் ஐரோப்பிய அறிஞரின் கவனத்தைப் பெற்றது இதன் பின்னரே. பம்பாயிலிருந்து எலெனஸ் ஸ்காட் அனுப்பிய உருக்குக் கட்டிகளை ஆராய்ந்து சார்சு பியர்சன் 1795இல் கட்டுரை வெளியிட்டார். இலண்டன் கத்தி வினைஞர் சேம்சு ஸ்டோடார்ட் அவ்வுருக்கால் மழிகத்திகள் செய்து, ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் அது மேலானது என விளம்பரம் செய்தார். அவருடன் இணைந்து மைக்கேல் பாரடே நிகழ்த்திய உருக்குக் கலவை ஆய்வுகள் 1820, 1822ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பாரடே கலவை உருக்கால் ஆன மழிகத்திகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாகவும் வழங்கினார்.

கொடுமணல், மேல்சிறுவலூர் ஆகிய இடங்களின் உலோகவினைச் சான்றுகளோடு இணைத்து, வூட்ஸ் உருக்கின் பெருமை தமிழாய்வில் பலகாலும் பேசப்பட்டுள்ளது. ஆயின் எத்துணைச் சிறந்த உருக்கும் கல்லின்றிக் கூர் பெறாது. பாரடேயின் ஆய்வு அச்சில் நிலைத்தது. அவ்வுருக்கைக் கல்லில் தீட்டிய கைகளின் பெயர்கள் எழுதப்படவில்லை.

கல் நீங்கிய காலம்

1901இல் கிங் ஜில்லெட் நிறுவனம் தொடங்கினார். மெல்லிய உருக்குத் தகட்டைக் கடினப்படுத்திப் பொறியால் தீட்டும் முறையை வில்லியம் நிக்கர்சன் வகுத்தார். 1903இல் 51 மழிகருவிகளே விற்பனையாயின. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினர்க்கு ஏறத்தாழ 35 இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. பெரே எழுத்தால் தீர்க்க முயன்ற சிக்கலை ஜில்லெட் வேறு வகையில் தீர்த்தார்: மழுங்கியதைத் தீட்ட வேண்டியதில்லை, எறிந்துவிடலாம். தீட்டும் அறிவு வீட்டிலிருந்து ஆலைக்குச் சென்றது.

இந்தியாவில் நாவிதரிடம் கல்லும் தோல்வாரும் நெடுங்காலம் நிலைத்திருந்தன. குருதிவழித் தொற்றுநோய்கள் குறித்த விழிப்புணர்வு பரவியபின், ஒருவர்க்கு ஒரு முறை மட்டும் பயன்படும் அலகு அவற்றின் இடத்தைப் பெற்றது. நலம் கருதிய இம்மாற்றம் வேண்டத்தக்கதே. ஆயின் இம்மாற்றத்தோடு மறைந்த அறிவு எங்கும் பதிவாகவில்லை என்பது தனித்து எண்ணத்தக்கது.

முடிவுரை

இலண்டனில் 1745 வரை நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே தொழிற்குழுவினராக இருந்தனர். தமிழகத்திலும் நாவிதர் 'மருத்துவர்' என வழங்கப்பெறுகின்றனர். அவர்தம் குலப்பெண்டிர் மகப்பேறு பார்த்தனர். அங்குப் பிரிந்து சென்ற மருத்துவம் உயர்கல்வி ஆயிற்று. இங்குக் கூர்மையை அறிந்த கை தாழ்ந்த கையாகக் கருதப்பட்டது. அதன் அறிவும் ஏட்டில் ஏறவில்லை. பெரேயின் நூல் முழுமையற்றதாயினும், தன் தொழிலின் அறிவு எழுதத்தக்கது என்று ஒரு வினைஞர் கருதியதன் சான்று அது.

நாவிதரின் கருவிப்பையைக் குறிக்கும் 'அடைப்பம்' போன்ற சொற்களை அகராதிகள் காத்துள்ளன. அப்பையினுள் இருந்த கல்லின் வகைகள், தீட்டும் அசைவுகள், கூரைச் சோதிக்கும் முறைகள் ஆகியவற்றுக்குரிய சொற்கள் முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளன. தொழிற்சொல் தொகுப்பாளர் கல்லைப் பிடித்த அக்கைகள் உள்ளபோதே அவர்களிடம் செல்ல வேண்டும். சொல்லை மட்டும் பெறாது, அச்சொல் சுட்டும் அசைவையும் உடன் பதிவு செய்தலே இத்துறையில் பயன் தரும் ஆய்வாகும்.