பெட்டிக் கிரீமும் துணித் தயிரும்

மட்டாஞ்சேரியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததில்லை. மார்கழியில் கோயம்புத்தூர்க்காரர்கள் பாட்டிலை வெயிலில் வைத்து எடுப்பார்கள். இங்கே டிசம்பர் காலையிலும் அது தண்ணீராக ஓடும். தேங்காய்க் கொழுப்பு உறைய ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். காயலோரத்துச் சமையலறை அவ்வளவு இறங்குவது அபூர்வம்.

கேக் மேல் என்ன பூசலாம் என்ற பேச்சை எண்ணெய் பாட்டிலில் தொடங்கக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பூச்சுகள் கொழுப்பும் சர்க்கரையும் காற்றும் சேர்ந்தவை. அதில் கொழுப்புதான் சுவர். சுவர் எந்தச் சூட்டில் இளகும் என்று தெரியாமல் லேசான பூச்சு எது என்று பேசிப் பயனில்லை. பட்டர் கிரீமை இந்த ஊரில் வெயிலே தள்ளிவிடுகிறது. ஒரு கிலோ கேக்குக்கு 200 கிராம் வெண்ணெய், 400 கிராம் ஐசிங் சர்க்கரை. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, ஆக 160 கிராம். இவ்வளவையும் போட்டு அடித்தால், 30 டிகிரி அறையில் அரை மணி நேரத்தில் ரோஜாப்பூ முகம் தொங்கிப்போகும். கேரளத்தில் இருந்துகொண்டு தேங்காய்ப்பால் கிரீம் பூசலாமே என்பார்கள். கேட்க அழகான யோசனை. ஆனால் தேங்காய்க் கொழுப்பு வெண்ணெய்க்கும் முன்னால் இளகுகிற சாதி.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, பேக்கரிச் சாமான் கடைகளில் உறைந்த பெட்டியாகக் கிடைக்கும் விப்பிங் கிரீம். 2020 ஊரடங்கில் கேரளத்தில் வீட்டுக்கு வீடு கேக் சுடத் தொடங்கியபோது ஃப்ரீசருக்குள் குடியேறியது, இன்னும் காலி செய்யவில்லை. மற்றொன்று ஸ்ரீகண்ட். அதைப் பூச்சாக யாரும் நினைப்பதில்லை; பூரிக்குத் தொட்டுக்கொள்வது என்றே நினைப்பார்கள். ஆனால் 1904-இல் கட்டிய தர்மநாத் ஜைனக் கோயில் நிற்கும் குஜராத்தி ரோட்டுப் பக்கம், தயிரைத் துணியில் கட்டிச் சர்க்கரை கலப்பது புதுச் சங்கதி அல்ல. மிளகுக்கும் இஞ்சிக்கும் ஏலத்துக்கும் வந்த வணிகர்கள் கொண்டுவந்த பண்டம் அது. அதில் போடும் ஏலக்காய் மட்டும் இந்த ஊர்க் கிடங்கிலிருந்தே கிடைத்திருக்கும்.

முதலில் பெட்டி. ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருப்பதை முதல் நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றி, பத்து டிகிரிக்குக் குறைவாகக் குளிர்ந்திருக்கும்போதே அடிக்க வேண்டும். அடித்தால் மூன்று, நான்கு மடங்காகப் பொங்கும். அதாவது கிண்ணத்தில் தெரிவதில் முக்கால்வாசி காற்று. நாக்குக்கு லேசாக இருப்பது இதனால்தான். கொழுப்பு பாலிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய, எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய். வெண்ணெய் தோற்ற இடத்தில் இது நிற்பதற்கும், சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல் ஒன்று ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே: வாயின் சூட்டிலும் அது முழுசாக இளகுவதில்லை. டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிய பயம் முன்பு நியாயமாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியச் சட்டம். நிறைவுற்ற கொழுப்புக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இந்தக் கிரீமின் கொழுப்பில் ஆகப் பெரும்பகுதி அதுதான். இன்னொன்று: பெட்டியில் 'நான்-டெய்ரி' என்று போட்டிருந்தாலும் பலவற்றில் சோடியம் கேசினேட் உண்டு. அது பால் புரதம். பால் ஒவ்வாத குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிப்பது நல்லது.

இனி துணி. ஒரு லிட்டர் டோன்டு பாலை உறை ஊற்றி, தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் மேல் இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். இந்தப் புழுக்கத்தில் வெளியே தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்து நாறும். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: பிழியக் கூடாது, அதுவாக வடியட்டும். அவசரப்பட்டுப் பிழிந்தேன். திப்பி திப்பியாக வந்தது. பொறுமையாக வடித்தால் 300 முதல் 350 கிராம் வெண்ணெய் போல வழுவழுப்பாகக் கிடைக்கும். அதற்குச் சக்கா என்று பெயர். சக்காவில் நாலில் ஒரு பங்கு ஐசிங் சர்க்கரை, பொடித்த ஏலக்காய், ஒரு சீவல் ஜாதிக்காய். சர்க்கரை சேர்ந்ததும் தயிர் மறுபடி நீர் விட்டு இளகும். கலக்கக் கலக்க இன்னும் இளகும். கரண்டியால் நாலு சுற்று, அதோடு நிறுத்திவிட வேண்டும். கெட்டி போதாது என்றால் கொஞ்சம் சைனா கிராஸ் காய்ச்சி ஊற்றலாம். ஜெலட்டின் வேண்டாம். முட்டையில்லாத கேக் கேட்கிற ஜைன, வைஷ்ணவ வீடுகளில் மாட்டெலும்பிலோ தோலிலோ எடுத்த ஜெலட்டினை மட்டும் எப்படிப் போடுவது?

கணக்குப் போட உட்கார்ந்தபோது எனக்கே ஏமாற்றம். தயிர் சுலபமாக ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு கிலோ கேக்குக்கு விப்பிங் கிரீம் 300 கிராம் பிடிக்கும். அதில் கொழுப்பு சுமார் கால் பங்கு, அதாவது 75 கிராம். சர்க்கரை அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 950 கலோரி. அதே கேக்கை மூலை முடுக்கெல்லாம் ஸ்ரீகண்டால் மூட அரைக் கிலோவாவது வேண்டும், ஒன்றரை லிட்டர் பால். கொழுப்பு 45 கிராம்தான். ஆனால் சர்க்கரை 125 கிராம். புரதத்தையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். தயிரில் காற்று இல்லை. அது கனமான பண்டம். புளிப்பை அடக்கச் சர்க்கரை கூடுதலாகவும் கேட்கிறது. கலோரி மட்டுமே லேசு என்றால் பெட்டிதான் முந்துகிறது, மறைப்பதற்கில்லை.

ஆனால் ஸ்ரீகண்டால் யாரும் கேக்கைச் சுற்றி மூடுவதில்லை. பக்கவாட்டில் அது நிற்காது. நடுவில் ஒரு படலம், தலையில் ஒரு படலம், பக்கங்கள் வெறுமனே. அதற்கு ஒரு லிட்டர் பாலின் சக்கா போதும்: 30 கிராம் கொழுப்பு, 80 கிராம் சர்க்கரை, 700 கலோரிச் சொச்சம். பெட்டிக் கிரீம் நேர் எதிர். காற்றாக இருப்பதால் கைக்கு அளவு தெரிவதில்லை. மூன்று அடுக்கு, சுற்றுச்சுவர், மேலே பூ, அடியில் ஓரம் என்று அரைக் கிலோ போவது தெரியாமலே போய்விடும். பஞ்சு மூட்டையை நம்பி நாலு மூட்டை தூக்கியவன் கதைதான்.

கடை ஸ்ரீகண்டை வாங்கிப் பூசிவிடலாமா என்றால், அதைவிடப் பெட்டியே மேல். ஸ்ரீகண்டின் திடப்பொருளில் 72.5 சதவீதம் வரை சர்க்கரை இருக்கலாம் என்கிறது உணவுத்தர விதி. இனிப்பாகச் சாப்பிட அது சரி. இனிப்பான கேக் மேல் இன்னொரு இனிப்பு எதற்கு?

ருசியில் எனக்குச் சார்பு உண்டு. தயிரின் புளிப்பு கேக்கின் இனிப்பை வெட்டுகிறது. இரண்டாவது துண்டு கேட்க வைக்காமலே முதல் துண்டில் திருப்தி வந்துவிடுகிறது. முட்டையில்லாத கேக்கில் தயிரும் பாலும் ஏற்கெனவே இருப்பதால் உறவு முறிவதில்லை. சாக்லேட் கேக் மட்டும் ஸ்ரீகண்டோடு ஒத்துப்போகாது. ஏலக்காயும் கோகோவும் ஒரே தட்டில் முகம் திருப்பிக்கொள்கின்றன. அதற்குப் பெட்டிக் கிரீம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: 100 கிராம் கிரீமை அடித்து, சக்காவில் மெல்ல மடித்துச் சேர்ப்பது. கத்திக்கு வாகாக வரும், மெழுகும் பாதியாகும். வெயில் நாளில் நான் செய்வது இதுதான்.

குறைகளும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீகண்ட் பூசிய கேக் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. சூடு முழுக்க ஆறிய கேக்கில்தான் பூசலாம். பூசியதும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். கரன்ட் போனால் கவலை. தெரு மண்டபத்தில் நாற்பது பேர் கூடும் பிறந்தநாளுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். பைப்பிங் பையில் அடைத்தால் ரோஜா வராது, குழந்தையின் பெயரையும் எழுத முடியாது. நான் பெயரை எழுதுவதில்லை. உடைத்த பிஸ்தாவைத் தூவி, நாலு இழை குங்குமப்பூவை வைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுகிறேன்.