வேண்டாம்னு ஒதுக்கின சத்தம்: டியூப் ஆம்ப்ளிஃபயரை முழுசா திருகினப்போ நடந்தது

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்தைப் பத்தினது. ராக் கேட்குற யாருக்கும் பழக்கமான சத்தம்தான். எலெக்ட்ரிக் கிட்டார்ல ஒரு கார்டு அடிச்சதும் கரகரன்னு, தடிமனா, உறுமுற மாதிரி கிளம்பி, சட்டுனு அடங்காம நீண்டுக்கிட்டே போகுமே, அது.

கிட்டார் கம்பிக்கு அந்தக் குரல் கிடையாது. வயரைக் கழட்டிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரை வாசிச்சா, பக்கத்து ரூமுக்குக்கூட கேட்காத மெலிசான சத்தம்தான் வரும். உறுமல் வர்றது ஆம்ப்ளிஃபயர்ல இருந்து. அதுவும், "இதுக்கு மேல போனா ஒலி கெட்டுடும்"னு வடிவமைச்சவர் நினைச்ச எல்லையைத் தாண்டித் திருகின ஆம்ப்ளிஃபயர்ல இருந்து.

"இது பக் இல்ல, ஃபீச்சர்"னு நம்ம ஆபீஸ்ல ஜோக் அடிப்போம் இல்லையா? இசை வரலாற்றில் அது நிஜமாவே நடந்திருக்கு. ஒரு பொருள் எதுக்குன்னு முடிவு பண்றது யாரு? அதைச் செஞ்சவரா, பயன்படுத்துறவரா? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு வாங்க.

சுத்தமா கேட்கணும்

வீட்ல பெரியவங்க "வால்வு ரேடியோ"ன்னு சொல்வாங்களே, அந்த வால்வுதான் டியூப். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே சூடாகிற கேத்தோடு. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிர்ப்பக்கம் சில நூறு வோல்ட்டில் இருக்கிற பிளேட் அவற்றை இழுக்கும். நடுவில் கிரிட்டுன்னு ஒரு கம்பி வலை. ஏரி மதகு மாதிரி வேலை செய்றது இந்த கிரிட்தான். மதகைக் கொஞ்சம் அசைச்சா வாய்க்கால் முழுக்கத் தண்ணி கூடும், குறையும். அதே மாதிரி கிட்டார்ல இருந்து வர்ற துளி வோல்டேஜ், ஒரு பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப் படைக்கும்.

கிரிட்டோட வந்த முதல் டியூப், அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் உருவாக்கிய ஆடியான். அதுக்கப்புறம் பல வருஷம் இந்தத் துறையின் பெரிய தலைவலி டிஸ்டார்ஷன். உள்ளே போற அலையும் வெளியே வர்ற அலையும் ஒரே வடிவத்தில் இருக்கணும். இல்லாட்டி, பல ஆம்ப்ளிஃபயர்களைத் தாண்டிப் போற தொலைதூர டெலிபோன் பேச்சு போய்ச் சேரும்போது புரியாது. 1927-ல் பெல் ஆய்வுக்கூட எஞ்சினியர் ஹெரால்ட் பிளாக், வேலைக்குப் படகில் போகும்போது, கையில் இருந்த செய்தித்தாளிலேயே ஒரு தீர்வை வரைஞ்சார். வெளியே வர்ற அலையில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினா, பிழை தானா குறையும். நெகட்டிவ் ஃபீட்பேக். இன்னைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க இதைத் தாண்டாம போக முடியாது.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் பிறந்தது இந்தச் சூழலில்தான். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்த லியோ ஃபெண்டர், 1940-களில் ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பிச்சார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவங்க சொல்றதைக் கேட்டு, திருத்தித் திருத்திச் செஞ்சார். அவர் தேடினது கணீர்னு, சுத்தமா, சத்தமா ஒரு ஒலி. அவரைப் பொறுத்தவரை கரகரப்புன்னா ரிப்பேர் பண்ண வேண்டிய விஷயம்.

கிழிஞ்ச ஸ்பீக்கர்கள்

ஆனா வாசிச்சவங்க காது வேற மாதிரி யோசிச்சது.

1951 மார்ச். ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோவுக்கு "ராக்கெட் 88" பாட்டைப் பதிவு பண்ண வந்தது. வர்ற வழியில் வில்லி கிஸார்ட்டின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டிருந்தது. ஃபிலிப்ஸ் வேற ஆம்ப்ளிஃபயர் தேடி அலையலை. கெட்டுப்போன ஸ்பீக்கருக்குள்ளே காகிதத்தைத் திணிச்சு, அந்தக் கரகரப்போடவே பதிவு பண்ணார்.

1958-ல் "ரம்பிள்" என்ற இசைத் துண்டுக்காக லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். அதில் பாடல் வரி ஒண்ணுகூட கிடையாது. ஆனாலும் இளைஞர்களை அடிதடிக்குத் தூண்டும்னு பயந்து சில ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1964-ல் லண்டனில், கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், அப்போ வயசு 17, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கிழிச்சு, அதன் ஒலியை இன்னொரு பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள்ளே அனுப்பினார். "யூ ரியலி காட் மீ" பாட்டின் ஒலி அப்படி வந்தது.

முதல்ல ஒரு விபத்து. அப்புறம் வேணும்னே செஞ்ச சேதம். இந்தப் பதிமூணு வருஷத்தில் மாறினது மெஷினை விட அதிகமா கேட்குறவங்க ரசனை.

ஹான்வெல்லில் ஒரு கடை

மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல்னு ஒரு டிரம்ஸ் ஆசிரியர் 1960-ல் இசைக்கருவிக் கடை திறந்தார். அங்கே வந்த கிட்டார்காரங்களுக்கு அமெரிக்க ஃபெண்டர் மேல ஆசை. ஆனா இறக்குமதி விலை கையைக் கடிச்சது. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரான், இளம் எஞ்சினியர் டட்லி கிரேவன் ரெண்டு பேரோட சேர்ந்து மார்ஷல் தானே ஒண்ணு செய்ய முடிவு பண்ணார். அவங்க எடுத்துக்கிட்ட மாதிரி, ஃபெண்டர் பேஸ்மேன். அது உண்மையில் பேஸ் கிட்டாருக்காக வந்த ஆம்ப்ளிஃபயர்.

1962-ல் வந்த ஜேடிஎம் 45-இன் சர்க்யூட் கிட்டத்தட்ட பேஸ்மேனின் நகல்தான். வித்தியாசம் பாகங்களில். முதல் டியூப் இன்னும் அதிகமா பெருக்குற வகை. ஸ்பீக்கர்கள் செலெஸ்டியன் கம்பெனியின் 12 அங்குலம், நாலு, பின்பக்கம் மூடின பெட்டியில். உள்ளூரில் கிடைச்சதை வச்சுச் செஞ்சதால், இது பேஸ்மேனை விடச் சீக்கிரம் கரகரக்க ஆரம்பிச்சது.

கூரையில் முட்டினா

இப்போ கொஞ்சம் எஞ்சினியரிங். பயப்படாதீங்க, சமன்பாடு இல்லை.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளே அலைக்கு ஒரு கூரை உண்டு. பவர் சப்ளை கொடுக்கிற வோல்டேஜுக்கு மேல அலை எழும்ப முடியாது. வால்யூமைத் திருகத் திருக அலை உயர்ந்து, ஒரு கட்டத்தில் கூரையில் முட்டும். சாதாரண டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் அது பெரும்பாலும் கான்கிரீட் கூரை. அலையின் தலை கத்தியால் சீவின மாதிரி தட்டையாகும். டியூபில் அது மெத்தை வச்ச கூரை. முட்டுறதுக்கு முன்னாடியே அலை கொஞ்சம் கொஞ்சமா வளைய ஆரம்பிக்கும். அதனால் மெதுவா மீட்டினா சுத்தமா, அழுத்தி அடிச்சா உறுமலா, கை அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தின் குணமே மாறும்.

அலை வளைஞ்சா கம்பியில் இல்லாத புது அதிர்வுகள் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒண்ணு உள்ளே போனா, 220, 330, 440-னு அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். ரெண்டு சுரம் சேர்ந்து போனா அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வரும். 110-ம் 165-ம் போனா, வித்தியாசம் 55. அதாவது கீழ் சுரத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே, யாருமே மீட்டாத ஒரு சுரம். ராக்கில் வர்ற பவர் கார்டு ரெண்டே சுரம்தான், ஆனாலும் மலை மாதிரி கனமா கேட்கும். காரணம் இதுதான். அதே ஆம்ப்ளிஃபயரில் அஞ்சாறு சுரம் உள்ள ஜாஸ் கார்டு அடிச்சா, எல்லாக் கழித்தலும் மோதி ஒரே கூழாயிடும். ராக் எளிமையான கார்டுகளைப் பிடிச்சுக்கிட்டதில் இந்தச் சர்க்யூட்டுக்கும் பங்கு இருக்கு.

சத்தம் நீண்டு ஒலிக்கிறதும் அதே கூரையால்தான். கம்பியின் அதிர்வு குறைஞ்சுக்கிட்டே வந்தாலும், பெருக்கின அலை இன்னும் கூரையைத் தொட்டுக்கிட்டே இருக்கும். அதனால் காதுக்குக் குறைஞ்சது தெரியாது. அதோட, பலமா அடிச்ச நொடியில் பவர் சப்ளை தாங்காம வோல்டேஜ் சரியும், அப்புறம் மெல்ல ஏறும். சத்தம் ஒரு தடவை அமுங்கி எழும்புறது, மூச்சு விடுற மாதிரி கேட்கும். இதுக்குப் பேர் சேக். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிடும்; காதைக் குத்துற கூர்மை அங்கே மழுங்கும். ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா குறைதான். எல்லாம் சேர்ந்தா ஒரு குரல்.

மைக்கைத் தள்ளி வைங்க

ஆம்ப்ளிஃபயர்கள் ஏன் அவ்வளவு பெருசாச்சு? அந்தக் காலத்து அரங்குகளில் இன்னைக்கு மாதிரி கச்சேரி சவுண்ட் சிஸ்டம் கிடையாது. மைக் செட் பாடுறவருக்கு மட்டும்தான். கிட்டார் சத்தம் மேடையில் இருக்கிற பெட்டியிலிருந்தே கடைசி வரிசைக்குப் போகணும். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தாங்க. பீட்டில்ஸிடம் இருந்தது 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள். கூட்டத்தின் கூச்சலில் அவங்களுக்கே தங்கள் வாசிப்பு சரியா கேட்கலை.

அதே வருஷம் ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், மார்ஷலிடம் 100 வாட் கேட்டு வாங்கினார். அதுக்கு எட்டு ஸ்பீக்கர் உள்ள ஒரே பெட்டியும் கேட்டார். அதைத் தூக்கிச் சுமக்க முடியாமப் போகவே ரெண்டாப் பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாங்க. மேடையில் சுவர் மாதிரி நிற்கிற மார்ஷல் ஸ்டேக் அப்படிப் பிறந்ததுதான். இதில் ஒரு வேடிக்கை: 50 வாட்டை 100 ஆக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா சுமார் பத்து மடங்கு பவர் வேணும்.

1966-ல் லண்டன் டெக்கா ஸ்டூடியோவில் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழு ஆல்பம் பதிவு பண்ண வந்தது. கிட்டார் எரிக் கிளாப்டன், வயசு 21. ஸ்டூடியோ வழக்கப்படி ஆம்ப்ளிஃபயரைக் குறைச்சு வச்சு, மைக்கைப் பக்கத்தில் வைக்கணும். கிளாப்டன் மேடையில் வாசிக்கிற அளவுக்கே மார்ஷலைத் திருகி வச்சார். குறைக்க மறுத்து, மைக்கைத் தள்ளி வைக்கச் சொன்னார். ஒலிப்பதிவு எஞ்சினியர் கஸ் டட்ஜனுக்கு அதிர்ச்சி. அவர் கத்துக்கிட்ட விதிப்படி அது பிழையான ஒலி. கடைசியில் மைக்தான் நகர்ந்தது. அந்த ஆல்பத்தின் ஒலியை இன்னைக்கும் கிட்டார்காரங்க துரத்திக்கிட்டு இருக்காங்க.

என் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இங்கேதான். அந்த எஞ்சினியர்கள் சொன்னது தப்பில்லை. டெலிபோனும் ரேடியோவும் ஏற்கனவே இருக்கிற ஒலியைக் கொண்டு சேர்க்கிற கருவிகள். அங்கே எதையும் சேர்க்கக் கூடாது. ஆனா கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒலியைக் கொண்டு சேர்க்கலை, உருவாக்குது. வயலினுக்கு மரப்பெட்டி எப்படியோ, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் அப்படி. வாத்தியத்தின் பாதி அது. இதை ஸ்பெக் எழுதினவங்களுக்கு முன்னாடியே வாசிச்சவங்க கண்டுபிடிச்சுட்டாங்க.

காது கொடுத்த விலை

இதுக்கு ஒரு விலையும் இருந்தது. 1976 மே 31, லண்டன் சார்ல்டன் மைதானத்தில் ஹூ குழுவின் கச்சேரி. 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல்னு பதிவாகி, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காது கேடாகுறதை ஊக்குவிக்கக் கூடாதுன்னு பிற்காலத்தில் கின்னஸ் அந்தப் பிரிவையே கைவிட்டது. டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலையும் கேட்கும் திறன் குறைஞ்சதையும் வெளிப்படையா பேசியிருக்கார். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்ற கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான்.

அதனால் அடுத்த தேடல்: அந்த ஒலி வேணும், அந்தச் சத்தம் வேண்டாம். மாஸ்டர் வால்யூம் வந்தது. ஆனா அதில் முன்பகுதி டியூப்கள் மட்டும்தான் முட்டும், பவர் டியூபும் ஸ்பீக்கரும் சும்மா இருக்கும். எம்ஐடியில் எஞ்சினியரிங் படிச்சு, போலராய்டில் வேலை பார்த்த பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், பவர் சோக் என்ற கருவியைக் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபயரை முழுசா திருகி, ஸ்பீக்கருக்குப் போற பவரில் பெரும்பகுதியை வெப்பமா எரிச்சுடும்.

1996-ல் லைன் 6 கம்பெனி டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. இப்போ நியூரல் நெட்வொர்க்கே கத்துக்குது. அலையின் தலையை வளைக்க ஒரு வரி கோடு போதும். கஷ்டம் அதுக்கு அப்புறம்தான். சேக் மாதிரி விஷயத்தில், ஒரு நொடிக்கு முன்னாடி நீங்க எப்படி அடிச்சீங்கன்னு சர்க்யூட் ஞாபகம் வச்சிருக்கு. அந்த ஞாபகத்தையும் கோடில் எழுதணும். ஹெரால்ட் பிளாக் ஒழிக்கப் பார்த்த பிழையை, இன்னைக்கு எஞ்சினியர்கள் துல்லியமா அளந்து, மாதிரி செஞ்சு, காசுக்கு விற்கிறாங்க.

இந்த வாரம் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க. கிட்டார் மெதுவா வர்ற இடத்தையும் அழுத்தி வர்ற இடத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்க, கூரை எங்கே இருக்குன்னு காதே சொல்லும். ஹெட்ஃபோன் வால்யூமை மட்டும் குறைச்சு வச்சுக்கோங்க. திருக வேண்டியதை எல்லாம் 1966-லயே திருகியாச்சு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.