பழைய சைக்கிளின் ஊரும் வயதும்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைக்கொண்டது. எழுபது நாளில் முடிந்த அப்படையெடுப்பில் சைக்கிளின் பங்கு பெரிது. கொண்டுவந்த வண்டிகள் போதாவிடத்து, வழியில் கண்டவற்றையும் பறித்துக்கொண்டு அப்படையினர் தெற்கு நோக்கி வந்தனர். டயர் கிழிந்தபின் வெறும் ரிம்மின்மீதே ஓட்டியதும் உண்டு.

ஆகவே, துருவேறிய சைக்கிள் ஒன்று பழம்பொருட் கடைக்கு வருமாயின், ‘இது ஜப்பான்காரன் காலத்து வண்டி’ என்னும் கதையும் உடன் வந்துவிடுகிறது. கதை மெய்யானால் அது காட்சிசாலைக்குரிய பொருள். பொய்யானால், அக்காலத்தில் அல்லற்பட்டோரின் நினைவை வைத்து நடத்தும் வாணிகம். எது என்று தீர்ப்பதற்கு வண்டியின் இரும்பையே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கறுப்பு வண்ணம் பலமுறை பூசப்பட்டுள்ளது. நெற்றித் தகட்டில் ‘ஹம்பர்’ என்னும் பெயர். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் இருபுறமும் இரட்டைக் குழாய்கள். பின்சக்கரத்தில் மூன்று வேக ஹப். விற்பவர் கூறும் ஆண்டு 1939.

முதலில் நெற்றித் தகடு. சாட்சிகளில் இதுவே மிக எளிதில் பொய்யுரைப்பது. இரண்டு சிறு ஆணிகளைக் கழற்றினால் தகடு வேறு வண்டிக்கு மாறிவிடும். அது மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ‘ஹம்பர்’ என்பதன் பொருள் என்ன? தாமஸ் ஹம்பரின் தொழில் நாட்டிங்காமில் தொடங்கி, அருகிலுள்ள பீஸ்டனில் வளர்ந்தது. 1908இல் பீஸ்டன் ஆலை மூடப்பட, வேலை கவென்ட்ரி நகருக்குச் சென்றது. 1932இல் சைக்கிள் பிரிவை ராலே நிறுவனம் வாங்கவே, ஹம்பர் மறுபடியும் நாட்டிங்காமுக்கு வந்தது, இம்முறை வேறொருவர் வீட்டுப் பிள்ளையாக. பெயர் ஒன்று, ஆலைகள் பல.

மற்றப் பெயர்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. கவென்ட்ரியில் புகழ்பெற்ற ரட்ஜ், 1943இல் ராலேயின் கைக்கு வந்தது. துப்பாக்கி செய்வோர் 1861இல் கூடி நிறுவிய பர்மிங்காம் பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை 1957இல் அதே ராலேக்கு விற்றது. ஹெர்குலிஸ் என்றால் பர்மிங்காம் என்று முடிவுகட்டுவதும் தவறு. 1951 முதல் அது சென்னைக்கு அடுத்த அம்பத்தூரிலும் உருவாயிற்று.

பல்சக்கரத்தைப் பார்த்துப் பெயர் சொல்வோர் உளர். ராலேக்கு நாரைத் தலை, ரட்ஜுக்கு விரித்த கை, ஹம்பருக்கு மனித உருவங்கள் என அவை அழகாக வெட்டப்பட்டிருக்கும். ஆயின் கிராங்கைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் பல்சக்கரமும் கையோடு வந்துவிடும். பழுது பார்க்கும் கடைக்காரருக்கு வண்டி ஓடினால் போதும். கையும் நாரையும் அவருக்கு ஒன்றே.

ஆகவே, நெருப்பில்லாமல் மாற்றமுடியாத பகுதியைத்தான் நாடவேண்டும். சைக்கிள் பிரேமின் குழாய்கள் கூடுமிடங்களில் ‘லக்’ எனப்படும் உறை போன்ற துண்டுகள் இருக்கும். அவற்றுள் குழாயைச் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைப்பர். அத்துண்டின் விளிம்பு எவ்வாறு வெட்டப்பட்டிருக்கிறது, சீட்டுக் குழாயை எவ்வாறு இறுக்குகிறது என்பவற்றை அக்கால விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டால் பலவும் விளங்கும். இங்கும் ஒரு பொறி உண்டு. பி.எஸ்.ஏ. நிறுவனம் முழு வண்டி மட்டும் செய்யவில்லை. உதிரிப் பாகங்களைப் பிற கடைகளுக்கும் விற்றது. அவற்றில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை இருக்கும். அம்முத்திரையைக் கண்டதும் பிரேமே பி.எஸ்.ஏ. என்பது, செங்கல்லில் சூளையின் பெயரைக் கண்டு வீட்டைக் கட்டிய கொத்தனின் பெயர் அதுவென்பதை ஒக்கும்.

பெடல் அச்சு சுழலும் கூட்டின் திருகுப் புரி இன்னும் நல்ல சாட்சி. அதை யாரும் அழகுக்காக மாற்றுவதில்லை. பிரிட்டிஷ் வண்டியில் வலப்பக்கக் கிண்ணம் வழக்கத்துக்கு மாறாக இடஞ்சுழியாகத் திருகி இறுக்கப்படும். பிரெஞ்சு, இத்தாலிய வண்டிகளில் பொதுவாக இருபுறமும் வலஞ்சுழியே. பிரெஞ்சுக் கூட்டின் விட்டம் 35 மில்லிமீட்டர், இத்தாலியதன் விட்டம் 36. பிரிட்டிஷ் வண்டிகளுள்ளும் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 24 புரி கொண்டவை. ராலே ஆலை மட்டும் தன் வழக்கமாக 26 புரியைக் கைக்கொண்டிருந்தது. மேலே சொன்ன ஹம்பரில் 26 புரி காணப்படுமானால், அது கவென்ட்ரியைவிட நாட்டிங்காமையே சுட்டும். அதுவொன்றே போதாது, லக்கின் வடிவமும் ஒத்துவரவேண்டும்.

பெயரே எழுதாமல் பெயரைச் சொன்ன பிரேம்களும் உண்டு. 1930களில் இங்கிலாந்தின் பந்தய வண்டிக் கலைஞர்கள் குழாய்களையே விசித்திரமாக அமைத்தனர். லண்டன் ஹெட்சின்ஸ் பின்புறக் குழாய்களை நெளித்தது. பிராட்போர்டின் பெயின்ஸ் சீட்டுக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தியது. அமெச்சூர் வீரர்களின் படத்தில் தயாரிப்பாளர் பெயர் விளம்பரமாகத் தெரியலாகாது என்ற கட்டுப்பாடே இதற்கு ஒரு காரணம் என்பர். செய்தவர்களோ ஓட்டத்துக்கு நல்லது என்றே கூறினர். எப்படியாயினும், இவ்வண்டிகளை எட்ட நின்றே இனங்காணலாம்.

இனி வயது. ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டின் காலத்தை எழுத்தின் வடிவைக் கொண்டு கணிப்பது போன்றதே இதுவும். ஒவ்வோர் அடையாளமும் ‘இதற்கு முன் அன்று’ அல்லது ‘இதற்குப் பின் அன்று’ என்று மட்டுமே கூறும். மூலப் பூச்சு மஞ்சள் சாயலுள்ள நிக்கலாயின் பெரும்பாலும் 1930க்கு முற்பட்டது. நீலம் பாய்ந்த குரோமியமாயின் அதை ஒட்டியோ பிற்பட்டோ வந்தது. பளபளக்க வேண்டிய பாகமும் கறுப்பாகவே இருந்தால் போர்க்காலச் சிக்கனம் நினைவுக்கு வரவேண்டும். பிரேம் எண்ணைக் கண்டவுடன் ஆண்டு சொல்ல முனைவோர் பலர். ராலே வண்டிகளில் எண்ணை மட்டும் நம்பியவர் ஏமாந்ததே மிகுதி.

ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப்போ வெளிப்படையாகவே பேசுகிறது. ஏ.டபிள்யூ. என்னும் அதன் புகழ்பெற்ற வகை 1936இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே ஹப்பின் உடலில் ஆண்டைப் பொறிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 8 என்றால் 1938. பின்னாளில் 52 என்றும் 3 என்றும் இருந்தால் 1952 மார்ச். நம் ஹம்பரில் இருப்பது இந்த 52 என்று வைத்துக்கொள்க. உடனே பிரேமும் 1952 என்றால் பிழை. சக்கரம் இரண்டு நட்டுகளில் கழலும் பொருள். ஹப் தன் வயதையே சொல்லும், பிரேமின் வயதையன்று.

ஆதலால் அவ்வண்டியைப் பற்றி எழுதத்தக்கது இவ்வளவே: பிரேம், 1932க்குப் பின் நாட்டிங்காமில் ராலே ஆலையில் ஆன ஹம்பர், பின்சக்கர ஹப், 1952. விற்பவர் சொன்ன 1939 நடக்கக்கூடியது, மெய்ப்பிக்கப்பட்டதன்று. பிரேம் 1939ஆகவே இருந்தாலும், ஜப்பானியச் சிப்பாய் அதன்மேல் அமர்ந்தான் என்று இரும்பு சொல்லாது. அதற்கு வாங்கிய ரசீதோ, அக்காலப் படமோ, பறிகொடுத்த குடும்பத்தாரின் வாக்குமூலமோ வேண்டும். அதுவரை வண்டியை மினுக்கிப் புது வண்ணம் பூசாதிருப்பது நலம். மேற்பூச்சின் கீழே, ஆலையில் ஒட்டிய பழைய எழுத்தும் பொற்கோடும் இன்னும் மறைந்திருக்கக்கூடும்.