சானடோரியம் முதல் பிரஷர் மாத்திரை வரை

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பயணம் செய்வோரில் பலருக்குச் சானடோரியம் என்பது ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை, இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவரும், கணிதமேதை இராமானுஜனுக்கு அங்கே சிகிச்சை அளித்தவருமான மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் நிறுவினார். 1937-இல் மாகாண அரசு அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அறியப்படாத அக்காலத்தில் திறந்தவெளிக் காற்றும் ஓய்வும் அளவிட்ட நடையும் சத்துணவுமே சிகிச்சையாக இருந்தமையால், நாள் முழுவதையும் ஒழுங்குக்குள் வைத்திருப்பதே வைத்தியமாயிற்று. ஆனால் அந்த ஒழுங்கு நிறுவனத்துக்கு உரியதேயன்றி நோயாளிக்கு உரியதன்று.

இந்நிலையை மாற்றியது சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கடியான குடியிருப்புகளில் எளிய உணவோடு வாழ்ந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்னும் முடிவு 1959-இல் வெளியானபோது, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையே கேள்விக்குள்ளாயிற்று. எனினும் மையம் நோயாளியை முற்றிலும் நம்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரில் மருந்தின் தடயம் உண்டா எனச் சோதித்ததும் அதன் நடைமுறைகள்.

உயர் இரத்த அழுத்தத்தின் வரலாறு இதற்கு இணையாக, ஆனால் மெல்ல நகர்ந்தது. இதயம் சுருங்கும்போது 140, விரியும்போது 90 மில்லிமீட்டர் பாதரச அளவு, இவ்விரண்டில் ஒன்றை எட்டினாலோ மீறினாலோ உயர் அழுத்தம் எனப்படும். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 1949-இல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதிய பிறகே இந்திய நாட்டு மருந்தொன்று உலக மருத்துவர்களின் கவனத்தைப் பெற்றது. அவ்வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரிசர்ப்பினை, மனச்சோர்வு உண்டாக்கும் என்று பிறர் கைவிட்டபின்னும், சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் சிறுநீரக உதவி அறக்கட்டளை 1990-களின் பிற்பகுதியிலிருந்து சென்னையை அடுத்த கிராமங்களில் மலிவான மருந்தாகப் பயன்படுத்தியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாக அழுத்தம் அளந்து, பின்னாளில் சிறுநீரகம் பழுதாவதைத் தடுக்க முயன்றனர். பழைய மருந்தென்று ஒதுக்காமல், ஏழையால் வாங்க இயன்றதைத் தேர்ந்தமை துணிவான முடிவே.

காசநோயாளி இருமுகிறார், இளைக்கிறார். அழுத்தம் உள்ளவரோ பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை, ஆகவே ‘பிரஷர் மாத்திரை’ அழுத்தத்தைக் குறைத்தவுடன் தேவையற்றதாகத் தோன்றுகிறது. காசநோய்க்கு மருந்து முடியும் நாள் உண்டு. உயர் அழுத்தத்துக்கு அநேகமாக இல்லை. வாழ்நாள் மருந்தின் பாடத்தைத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை வேறொரு நோயிடமிருந்து கற்றது: 2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி. கூட்டுமருந்து இலவசமாகத் தொடங்கப்பட்ட முதல் எட்டு அரசு மருத்துவமனைகளில் இம்மருத்துவமனையும் ஒன்று, அங்கே ஒரு வேளையும் தவறாமல் மருந்துண்ண வேண்டியதன் காரணத்தை விளக்கும் ஆலோசகரும் சிகிச்சையின் பகுதியானார்.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நிறைந்த தட்டில், உலக சுகாதார நிறுவனம் கூறும் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்னும் எல்லையைக் காப்பவர் வீட்டில் சமைப்பவரே. மாத்திரை சேர்ந்ததை எண்ணுவதோடு, அதை ஏன் நிறுத்தக்கூடாது என்பதை ஒவ்வொருவருக்கும் நேரமெடுத்து விளக்கும் ஆளையும் இத்திட்டம் ஊதியம் தந்து அமர்த்த வேண்டும்.