உடைந்த எழுத்துகளின் வரலாறு

விழா பெனர், கலியாண அழைப்பிதழ், ஜனாஸா அறிவித்தல் என எல்லாமே இன்று டிசைனரின் கணினி வழியாகத்தான் நம்மிடம் வருகின்றன. அவற்றில் சில வேளை எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். மௌத்தானவரின் பெயரே உடைந்து கிடக்கும். "டிசைனருக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. வெறும் 16 பக்கங்கள். அதற்காகத் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் தனித்தனியாக வார்க்க வேண்டியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு புதிய இயந்திரத்திலும் தமிழுக்கு இடம் பிடிக்க யாரோ பாடுபட்டிருக்கிறார்கள்.

நம் முன்னோருக்கு வேலை இன்னும் கடினம். அவர்கள் அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்த எழுத்துகள் அவை. சாதாரண அச்சுக்கூடத்தில் அவற்றுக்கு அச்செழுத்து கிடையாது. 1796இல் ஜெர்மனியில் செனெபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு அவர்களுக்குக் கைகொடுத்தது. எழுத்தர் கையால் எழுதியது அப்படியே தாளில் பதிந்தது. அந்த எழுத்தர்களே அக்காலத்து கிராபிக் டிசைனர்கள். 19ஆம் நூற்றாண்டில் அப்படி வந்த நூல்களைத் தாள் இருக்கும் வரை வாசிக்கலாம்.

1985இல் பேஜ்மேக்கர் வந்தது. அச்சுக்கோர்ப்பவரின் வேலை கணினிக்கு மாறியது. அந்தக் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டுமே. ஆகவே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். நம் நாட்டில் அதிகம் பரவியது பாமினி. அதில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அதுவே தெரியும்.

1991இல் வெளியான யுனிகோட் தமிழுக்குச் சொந்த இடம் கொடுத்தது. ஆனால் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்க டிசைன் மென்பொருள்களுக்கு மேலும் பல வருடங்கள் பிடித்தன. பழைய போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழ் உடைந்தது. டிசைனர்கள் பாமினியிலேயே தங்கிவிட்டார்கள். இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்புவது யுனிகோட். அவர்கள் அதைப் பாமினிக்கு மாற்றுகிறார்கள், அல்லது திரும்பத் தட்டுகிறார்கள். பிழை நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதில் நாம் இழப்பது பெனரின் அழகை மட்டுமல்ல. பாமினியில் செய்த பாடசாலை மலர்கள் எத்தனை சீடீக்களில் கிடக்கின்றன! அவற்றிலுள்ள ஒரு மாணவியின் கட்டுரையைத் தேடினால் கணினிக்கு அது தமிழென்றே தெரியாது.

இன்றைய மென்பொருள்கள் தமிழைச் சரியாகவே காட்டுகின்றன. பலவற்றில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். அடுத்த மலரை அச்சுக்குக் கொடுக்கும்போது யுனிகோட்டில் செய்யச் சொல்வோம். அச்சுப்படியை நாமே வாசித்துத் திருத்துவோம். டிசைனருக்கு அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுப்போம். பழைய மலர்களை யுனிகோட்டுக்கு மாற்றும் வேலையை உயர்தர மாணவர்களிடம் ஒப்படைத்தால் ஒரு விடுமுறையில் நல்ல பகுதி முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.