எரிமலையும் 980 பைட்டும்

2010 ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி சுமாருக்கு திருப்பூரிலிருந்து ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி முதலாளி போன் செய்தார்.

"ஏனுங் தம்பி, காலையில இருந்து ஒரு மெயிலும் காணமுங்களே. அந்த எரிமலை வெடிச்சதுனால இருக்குமுங்களா?"

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அன்றைக்கு அது நியாயமான கேள்விதான். ஐஸ்லாந்தில் வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு எரிமலையின் சாம்பல் பரவி, முந்தின நாளிலிருந்து ஐரோப்பாவில் விமானங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். திருப்பூரில் தேதி தவறிய சரக்கெல்லாம் விமானத்தில்தான் போகும். பையர்கள் பதற்றத்தில் இருப்பார்கள், மெயில் போட நேரமிருக்காது என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். நானும் அரை மணி நேரம் அதை நம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: எரிமலை பிளேனை நிறுத்தும், மெயிலை எப்படி நிறுத்தும்?

அந்த ஆபீசின் மெயில் சர்வரை அமைத்துக் கொடுத்தது நான்தான். 2004 ஜனவரி 26-ல் மைடூம் என்ற வைரஸ் கிளம்பியது. நமக்குக் குடியரசு தின விடுமுறை. மறுநாள் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவர்களுக்கு இன்பாக்ஸ் முழுக்க ஜிப் ஃபைல்கள். அனுப்பியவர் பெயரையும் அது பொய்யாகப் போடும் என்பதால், தெரிந்த பையர் அனுப்பியது போலவே இருக்கும். அந்தக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, வரும் கடிதங்களையெல்லாம் சோதித்து உள்ளே விடும் ஏற்பாட்டைச் செய்தேன். எல்லாம் இலவச மென்பொருள்கள். கடிதத்தை வாங்கி வைப்பது வீட்ஸே வெனெமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ். அது 10024 என்ற போர்ட் வழியாக அமாவிஸிடம் கொடுக்கும். ஸ்லோவேனியாவில் மார்க் மார்ட்டினெக் வளர்த்தது இது. இணைப்பைப் பிரித்து, ஜிப்புக்குள் ஜிப் இருந்தால் அதையும் பிரித்து, க்ளாம்ஏவியிடம் காட்டும். க்ளாம்ஏவி போலந்தின் தோமாஷ் கோய்ம் 2002-ல் தொடங்கியது. 2007-ல் சோர்ஸ்ஃபயர் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. சுத்தமான கடிதம் 10025 வழியாகத் திரும்பி போஸ்ட்ஃபிக்ஸுக்கு வரும். ஒரு பைசா லைசென்ஸ் செலவில்லை என்பதில் முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்.

அன்று அந்த சர்வருக்குள் போய் வரிசையைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: வைரஸ் சோதனை தோல்வி, பிறகு முயல்க.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு வாளையார் செக்போஸ்ட்டைச் சொன்னால் சட்டென்று புரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிக வரிச் சோதனை போகும் வரை கேரள எல்லையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். சோதிக்கிற அதிகாரி திடீரென்று எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? கேட்டைத் திறந்து எல்லா லாரியையும் விட்டுவிடலாம். இல்லை, அவர் வரும் வரை நிறுத்தி வைக்கலாம். அமாவிஸ் இரண்டாவது வகை. சோதிக்காமல் விடாது. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், லாரிகள் நின்றது கேட்டுக்கு உள்பக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் கடிதத்தை வாங்கிக்கொண்டு "வந்து சேர்ந்தது" என்று அனுப்பியவரின் சர்வருக்குச் சொல்லிவிடும். சோதனை அதற்கப்புறம்தான். பையரைப் பொறுத்தவரை கடிதம் திருப்பூர் போய்விட்டது. இயல்பான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் முயன்ற பிறகே திருப்பி அனுப்பும். தாமதம் என்று அதற்கு முன் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாது.

சரி, அதிகாரி ஏன் எழுந்து போனார்?

க்ளாம்ஏவியின் வைரஸ் பட்டியலைத் தினமும் புதுப்பிப்பது ஃப்ரெஷ்க்ளாம் என்ற துணை நிரல். முழுப் பட்டியலையும் இறக்காமல், மாறிய பகுதியை மட்டும் கொண்டுவரும். 0.95-க்கு முந்தைய பதிப்புகளில் இதில் ஒரு பிழை: ஒரு வைரஸின் அடையாளம் 980 பைட்டுக்கு மேல் நீண்டால் அந்தப் புதுப்பிப்பு தோற்றுவிடும். தோற்றால் முழுப் பட்டியலையும் மறுபடி இறக்கும். உலகம் பூராவும் பழைய சர்வர்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால், நன்கொடையாக இடம் கொடுத்தவர்களின் மிரர்கள் தாங்காது. எனவே நீளமான அடையாளங்களை வெளியிடவே முடியாமல் இருந்தார்கள். 2009 அக்டோபரில் அறிவித்தார்கள்: ஏப்ரல் 15 முதல் பழைய பதிப்புகள் வேலை செய்யாது. சொன்னபடி, பழைய பதிப்பை முடக்கும் ஓர் அடையாளத்தைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை ஏற்றப் போன க்ளாம்ஏவி அப்படியே நின்றது.

என் சர்வர் டெபியன் லென்னி. 2009 பிப்ரவரியில் "நிலையான" பதிப்பு என்று வந்தது. அதில் இருந்தது 0.94. புதிய க்ளாம்ஏவிக்கு டெபியன் தனியாக ஒரு களஞ்சியம் வைத்திருந்தது. நான் அதைச் சேர்க்கவில்லை. நிலையானது என்ற பெயரை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

இணையத்தில் அந்த வாரம் பெரிய சண்டை. என் கம்ப்யூட்டரில் ஓடுவதை நிறுத்த நீ யார் என்று ஒரு பக்கம், ஆறு மாதம் முன்னால் சொன்னோமே என்று மறுபக்கம். நான் இரண்டும் கெட்டான். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு "வைரஸ் இல்லை" என்று சொல்லும் ஸ்கேனர், நின்றுபோன ஸ்கேனரைவிட ஆபத்து. அதே சமயம் புதிய பட்டியலைக் கொடுக்காமல் இருப்பது ஒன்று, கைநீட்டி ஸ்விட்சை அணைப்பது வேறொன்று. முதலாளியிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காசு வாங்காம குடுத்தவங்க நிறுத்தினா, நாம யாருகிட்டீங் தம்பி போய்க் கேக்கறது?"

புதிய பதிப்பை ஏற்றி வரிசையைத் திறந்துவிட்டபோது மதியம் ஆகியிருந்தது. முந்தின இரவு ஜெர்மனி பையர் அனுப்பிய ஒரு கடிதமும் வெளியே வந்தது. விமானம் இல்லை, அட்டைப்பெட்டிகளை அனுப்பாதீர்கள், கப்பல் பற்றிப் பேசுவோம். அந்தப் பெட்டிகளை ஏற்றிய லாரி விடியற்காலையிலேயே சென்னை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருந்தது. டிரைவருக்குப் போன் போட்டபோது சேலம் தாண்டியிருந்தார். திரும்பி வரச் சொன்னார்கள். வாடகையைப் பற்றி முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று நானே சொன்னேன்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் அந்த அக்டோபர் அறிவிப்பைத் தேடினேன். எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. என் மெயிலிலேயே இருந்தது. அறிவிப்புக் கடிதங்கள் தொந்தரவாக இருக்கிறதென்று நான் போட்டு வைத்திருந்த ஃபில்டர், அதைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கியிருந்தது. ஆறு மாதமாகத் திறக்கப்படாமல் கிடந்தது.